சுவரில் இருந்த அத்தியாயம்

தலவாக்கலையில் இஸ்ஸதீன் கடையின் பழைய தாள் கட்டை மறுபடியும் பிரித்துப் பார்த்தும் தொடர்கதையின் பதினான்காம் அத்தியாயம் பூரணிக்குக் கிடைக்கவில்லை. பதின்மூன்று இருந்தது. பதினைந்தும் இருந்தது, அதன் மேல் யாரோ தேத்தண்ணீர்க் கோப்பை வைத்த வட்டம்கூடத் தெரிந்தது. நடுவில் உள்ளதைத்தான் காணோம்.

"இன்னொருக்கா பாருங்களேன் நானா. அடியில எங்கயாச்சும் கெடக்கும்."

"எங்க தங்கச்சி பாக்குறது? போன கெழம ஒரு ஆள் வந்து ஒரு கட்டு அள்ளிக்கிட்டுப் போய்ட்டாரு, செவுத்துல ஒட்டவாம். நீங்க கதைக்கு அழுவுறீங்க. நான் சீனி சுத்தத் தாளில்லாம அழுவுறேன்."

அந்தத் தொடர்கதை வரும் வாரப் பத்திரிகை தலவாக்கலைக்கு வந்து சேரும் வழியை ஒருநாள் இஸ்ஸதீனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். மதராசில் அச்சாகி, ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து மலைக்கு வரும். வந்ததும் நேரே தோட்டத்துக் கிளாக்கர் வீடுகளுக்கும் கண்டாக்கு ஐயா பங்களாவுக்கும் போய்விடும். அங்கே அம்மாமார் படித்து, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு, அலுமாரி நிறைந்ததும் நிறுத்து விற்றுவிடுவார்கள். தராசுக்குத் தேதி தெரியாது. அதனால் இஸ்ஸதீன் கடைக்கு வரும்போது தையும் ஆவணியும் ஒரே கட்டுக்குள் கிடக்கும். சாமான் சுற்றக் கிழிப்பதற்கு முன் பூரணி பொறுக்கிக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. பதிலுக்கு அவள் ஒவ்வொரு பத்திரிகையையும் தைத்திருக்கும் கம்பிகளைப் பிடுங்கித் தாள்களை நீவி அடுக்கிக் கொடுப்பாள். கம்பி சீனிக்குள் போய்விட்டால் வாங்கினவர்கள் சும்மா விடமாட்டார்கள் அல்லவா?

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள் அவள். கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறும்போதும் பாதையில் கிடக்கும் தாளைக் காலால் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கீழ் லயத்து வரிசை வீடுகளில் அவளுடைய காம்பராவுக்கு முன்னாலிருந்த இஸ்தோப்புத் திண்ணையில் பெண்கள் கூடுவார்கள். வாய் ஓயாத பேச்சியம்மா, புதிதாகக் கல்யாணமாகி வந்த நாகலெட்சுமி, மேல் லயத்து ராக்காயி. மூன்று பேருக்கும் எழுத்து தெரியாது. ஒருத்தி தலையை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க, பூரணி தூணில் சாய்ந்து படிப்பாள். வாரங்கள் விட்டுப்போவது முதலில் துக்கமாகத்தான் இருந்தது. பிறகு அதையே ஒரு விளையாட்டாக்கிக்கொண்டார்கள். விட்டுப்போன வாரத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். என்றைக்காவது அந்தத் தாள் கட்டில் அகப்பட்டால் எல்லாரையும் வைத்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். சரியாகச் சொன்னவளுக்கு மற்றவர்கள் வெற்றிலை மடித்துக் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவள் பூரணி ஒருத்திதான் என்பதால், தனியாகப் பார்த்துவிடக் கூடாது என்ற சட்டம் அவளுக்கு மட்டுமே ஆனது. அவளும் அதைக் காப்பாற்றி வந்தாள்.

பதின்மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகி கோமளா கையில் காதலன் போட்ட மோதிரத்தோடு ரயிலேறினாள். பதினைந்தில் வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் வெறும் விரலோடு தாதி வேலை பார்த்தாள்.

"வித்துத் தின்னுருப்பா. ரயில்ல போறவளுக்குப் பசிக்காதா?" என்றாள் பேச்சியம்மா.

"அவன் போட்ட மோதிரத்தப் போயி விப்பாளா? திருடன்தான் அறுத்துக்கிட்டுப் போயிருப்பான்" என்றாள் நாகலெட்சுமி.

"வெரலயாடி?"

நாகலெட்சுமி பேச்சியம்மாவின் முதுகில் ஒன்று வைத்தாள். ராக்காயி சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தாள். "யாருக்காச்சும் குடுத்துருப்பா" என்றாள். "வச்சுக்கவும் முடியாது, தூக்கிப்போடவும் மனசு வராது. அப்பத்தான் குடுக்கத் தோணும்."

அதன் பிறகு ராக்காயி சில வாரங்கள் வரவில்லை. அவள் புருஷன் சோலைமலைக்கு நெஞ்சில் சளி கட்டி, இருமலில் இரத்தம் வந்தது. வைகாசிக் காற்று தொடங்கியிருந்தது. லயத்துச் சுவர் வெடிப்பில் காற்று ஊசிபோல நுழையும். அதைத் தடுக்கத்தான் எல்லாரும் தாள் ஒட்டுவது. கோதுமை மாவைக் கஞ்சிபோலக் காய்ச்சி, கரப்பான் தின்னாமலிருக்கத் துத்தம் கலந்து, கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தாளும் கீழே உள்ளதன் மேல் இரண்டு விரல் ஏறி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடுக்கில் காற்று புகுந்து தாளையே உரித்துவிடும். சோலைமலை படுக்கையில் விழுவதற்கு முன் கடைசியாகச் செய்த வேலை அதுதான். பூரணி அதைப் பார்த்ததில்லை. தன் பிள்ளைகளுக்கு நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில், கஞ்சி கொண்டுபோனாலும் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ராக்காயி அதற்காக ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பூரணிக்குப் பிற்பாடு தோன்றியது.

சோலைமலை செத்த அன்றுதான் அவள் உள்ளே போனாள்.

துக்கவீட்டில் பெண்கள் சேர்ந்து அழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி மோவாயை வைத்துக்கொள்வார்கள். ஒருத்தி மூச்சை இழுக்கும் இடத்தில் மற்றவள் சொல்லை எடுப்பாள். அதனால் அழுகை அறுபடாது. தனியாக அழுதால் சீக்கிரம் தொண்டை அடைத்துவிடும். ஆனால் அப்படி உட்காரும்போது ஒருத்தி முகம் பிணத்தைப் பார்த்து இருக்கும், மற்றவள் முகம் சுவரைப் பார்த்து இருக்கும். ராக்காயியைக் கட்டிக்கொண்ட பூரணிக்குச் சுவர் வாய்த்தது.

ராக்காயியின் தோளுக்கு மேலே, எட்டினால் மூக்குப் படும் தூரத்தில், இரட்டைப் பின்னலோடு கோமளா ரயில் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் பூரணி கண்ணை மூடிக்கொண்டாள். அதை அவள் பிறகு பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், மூடத்தான் மூடினேன் என்று. ஆனால் எழுத்து தெரிந்த கண்ணுக்கு எழுத்தைப் பார்த்தும் படிக்காமலிருக்கத் தெரியாது. திறந்தபோது முதல் வரி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. வாய் தன் முறை வந்ததும் ஒப்பாரியை எடுத்தது. கண் பத்தியிலிருந்து பத்திக்கு இறங்கியது. ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நிற்கிறது. முறுக்குக்காரக் கிழவி ஒருத்தி ஜன்னலுக்குக் கீழே வருகிறாள். கோமளா மோதிரத்தைத் தடவிக்கொள்கிறாள். பூரணியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, உண்மையான கண்ணீர்தான். யாருக்காக வழிந்தது என்பதைத்தான் அவளால் பிற்பாடு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கடைசி இரண்டு வரிகளை ராக்காயியின் தலை மறைத்தது.

வெளியே மழை சற்று விட்டிருந்தது. மறுபடி பிடித்துக்கொள்வதற்குள் தூக்கிவிட வேண்டுமென்று ஆண்கள் அவசரப்பட்டார்கள். தப்பு மேளச் சத்தம் உயர்ந்தது. பூரணி இடது கையை எடுத்து ராக்காயியின் கன்னத்தில் வைத்தாள். மெதுவாக, குழந்தையைத் திருப்புவதுபோல மிகவும் மெதுவாக, அந்தத் தலையைத் தன் கழுத்துப் பக்கம் திருப்பி அமுக்கிக்கொண்டாள். இரண்டு வரிகளும் தெரிந்தன. படித்தாள்.

ராக்காயி தலையைத் தூக்கியபோது வாசல் வெறுமையாக இருந்தது. தப்புச் சத்தம் கீழ்மலைப் பாதையில் தூரமாகிக்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் இடுகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதற்கு முன்பே பேச்சியம்மா ஆரம்பித்துவிட்டாள். "எத்தன பேரு இருந்தோம்? எல்லாம் வாயத் தொறந்து அழுதமே ஒழிய ஒருத்திக்காச்சும் புத்தி வந்துச்சா? தூக்குற நேரம் பாத்து அந்தப் புள்ள மொகத்தத் திருப்பி அணைச்சுக்கிட்டாளே பூரணி. பாத்துருந்தா அங்கனயே விழுந்துருப்பா."

"சும்மா இருங்கக்கா" என்றாள் பூரணி.

"பாரு, சொன்னாக்கூடப் புடிக்கல. அதுதான் கொணம்."

அடக்கம் என்று அதற்கும் பெயர் கிடைத்தது. மறுக்க மறுக்கப் பெயர் கூடிக்கொண்டே போனது. கங்காணி சம்சாரம்கூட ஒருநாள் நின்று விசாரித்தாள். பூரணி அந்த வாரம் தலவாக்கலைக்குப் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை. கொழுந்து கிள்ளும்போது விரல்கள் தம்பாட்டுக்கு வேலை செய்ய, அந்த இரண்டு வரிகளும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. மறந்துவிட்டால் செய்தது கொஞ்சம் குறையும் என்று நினைத்தாள். மறக்கப் பார்க்கும் எதையும் முதலில் ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறதே.

கருமாதி முடிந்து ராக்காயியை அவள் அண்ணன் நானுஓயாப் பக்கம் தன் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவள் திரும்பி வந்தது ஆடியில். வந்த அன்றே மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் சொன்னாங்க புள்ள. எனக்கு அப்ப ஒண்ணும் வெளங்கல. அவரு போறத ஒரு தடவ பாத்துருக்கலாமேன்னு மொதல்ல மனசு அடிச்சுக்கிச்சு. அப்பறம், நீதானே திருப்புன, நல்லதுக்குத்தான் திருப்பியிருப்பன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிடலாம் என்று பூரணி வாயைத் திறந்தாள். பீலித் தண்ணீர் குடம் நிறைந்து வழிந்தது. "தூக்கி விடவா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராக்காயி ஒரு சுளகில் எதையோ வைத்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தாள். முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு. தலைப்பை விலக்கினாள். ஈரம் காயாத தாள். பின்பக்கம் முழுக்கச் சுவர் மண்.

"தூக்கம் வராம செவுத்துப் பக்கமாப் படுத்துக் கெடந்தேன். பாத்தா இந்தப் பொண்ணு. நம்ம கோமளாதானே? ரெட்டப் பின்னல், ரயிலு. நாம தேடுன வாரம் இதுவாத்தான் இருக்கும்னு தோணிச்சு. ஒனக்குன்னு உரிச்சுக்கிட்டு வந்தேன்."

"காத்து வராதாடி?" என்றாள் பேச்சியம்மா.

"வரட்டும். இப்ப யாரு இருமப் போறா?"

பூரணி தாளை வாங்கினாள். அவள் படித்தாள். தெரிந்த கதையைத் தெரியாததுபோலப் படிப்பது பெரிய வேலை. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினாள், முறுக்குக்காரி வந்தபோது, "அட, இது யாருடி புதுசா?" என்று ஆச்சரியப்பட்டாள். நாகலெட்சுமி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். ராக்காயி எதிரே உட்கார்ந்து, எழுத்தைப் பார்க்காமல் பூரணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தான் கொடுத்த பலகாரத்தை ஒருத்தி தின்பதைப் பார்ப்பதுபோல. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பூரணியின் கண் கலங்கியது, எழுத்து கலங்கியது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற ஒன்றைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. முடித்தாள்.

"'வண்டி நகர்ந்தபோது கோமளா மோதிரத்தைக் கழற்றி, கிழவியின் கூடைக்குள் முறுக்கோடு முறுக்காகப் போட்டாள். கிழவி அதைக் கவனிக்கவில்லை.'"

"ராக்காயி சொன்னதுதான்" என்றாள் நாகலெட்சுமி. "குடுத்துட்டா பாருங்க."

"செயிச்சுட்டடி. இந்தா, வெத்தல" என்று பேச்சியம்மா மடிக்கத் தொடங்கினாள்.

ராக்காயி கை நீட்டித் தாளை வாங்கினாள். அடி ஓரத்தை விரலால் தடவினாள். அது நேராக இல்லை. கிழிந்து, நார் நாராக நின்றது.

"நம்ம இவரு ஒட்டுனது. அடியில ரெண்டு வெரலுக்கு மத்த தாளு மேல ஏத்தி, ரெண்டு பக்கமும் பசை போட்டுருந்தாரு" என்றாள், மெதுவாக, தனக்குச் சொல்லிக்கொள்வதுபோல. "ஈரத்துணி வச்சு ஊற வச்சும் அது மட்டும் வரல. செவுத்துலயே நின்னு போச்சு. கடேசிதானே, கொஞ்சம் போனாப் போகுதுன்னு விட்டுட்டு வந்தேன்." நிமிர்ந்தாள். "அத நீ எங்க புள்ள படிச்ச?"

பேச்சியம்மாதான் பதில் சொன்னாள். "இதென்னடி கேள்வி? எத்தன கத படிச்சவ அவ. விட்டுப்போனத ஊகிச்சுச் சேத்துச் சொல்லியிருப்பா. இல்லியா பூரணி?"

தலையை ஆட்டினால் போதும். பூரணி ஆட்டினாள்.

ராக்காயி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பேச்சியம்மா நீட்டிய வெற்றிலை நீட்டியபடியே இருந்தது.

"தாளு ஒட்டுனதுக்கப்பறம் எங்க வீட்டுக்குள்ள நீ ஒரு நாள்தான் வந்த" என்றாள்.

பூரணிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ராக்காயி..."

"அவரு வாசப்படி தாண்டுனத நான் பாக்கல பூரணி."

கோபமில்லாத குரல். அதில் கோபம் வந்துவிடாதா என்று பூரணி காத்திருந்தாள். நாகலெட்சுமி ஒன்றும் விளங்காமல் ஒருத்தி முகத்திலிருந்து ஒருத்தி முகத்துக்குப் பார்த்தாள். பேச்சியம்மாவுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். வெற்றிலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ராக்காயி தாளைச் சுளகில் வைத்துவிட்டு எழுந்தாள். இஸ்தோப்பை விட்டு இறங்கி, தூறலில், சோலைமலையைத் தூக்கிப்போன கீழ்மலைப் பாதை தொடங்கும் இடத்தில் போய் நின்றாள். தேயிலைக்கு நடுவே அந்த நேரத்தில் யாரோ ஒரு ஆள் விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, வழுக்காமல் காலைப் பதித்துப் பதித்து இறங்கிக்கொண்டிருந்தான். அவள் சேலைத் தலைப்பால் முகத்தில் விழுந்த தூறலைத் துடைத்துக்கொண்டாள். வளைவு திரும்பி, விறகின் நுனியும் பனிமூட்டத்தில் மறைகிற வரைக்கும், அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.