இரவல் மூக்கு

என் மூளைக்கு ஒன்றும் இல்லை. மூக்குதான் செத்துப்போனது. போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதனால் ஒருநாள் அடுப்பில் கேஸ் கசிந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து வந்த மகன் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். தன் அப்பாவைச் சேர்த்திருந்த மறதி நோயாளிகள் இல்லத்திலேயே என்னையும் கொண்டுவந்து தள்ளிவிட்டான். ஒரு மின்சார அடுப்பு வாங்கிக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

"மூக்குதான்டா கெட்டுப்போச்சு" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

"வாசனை தெரியாம போறதும் மறதிக்கு ஆரம்பமா இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரும்மா" என்றான். உண்மையைச் சொன்னால் அதுவே எனக்கு எதிர்சாட்சி.

இங்கே வாசல் கதவுக்கு எண்பூட்டு. எண் நமக்குச் சொல்ல மாட்டார்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் புலன் பயிற்சி அறைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். நீல வெளிச்சத்தில் குமிழி விடும் கண்ணாடிக் குழாய், தடவிப் பார்க்க வெல்வெட்டும் உப்புத்தாளும், தட்டு நிறைய மணல். மணலில் விரலை வைத்தால் போதும், பயிற்சி கொடுக்கும் பெண் "சூப்பர்மா!" என்று கை தட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கறுப்புத்தாள் சுற்றிய குட்டிப் பாட்டில்களை மூக்கருகே நீட்டி, என்ன வாசனை என்று கேட்பதால் அவளுக்குப் பாட்டில்காரி என்று பெயர் வைத்தேன். என் விடுதலை அவள் வாயில்தான் இருந்தது.

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு அவங்க சொல்லட்டும், அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று மகன் சொல்லியிருந்தான்.

எனக்கு வழி காட்டியவர் என் வீட்டுக்காரர். சோப்புத் தொழிற்சாலையில் வாசனை கலந்தவர். இப்போது பேர் தெரியாது, வயது தெரியாது, மூக்கு மட்டும் போகவில்லை. காலமெல்லாம் "வாயாடி" என்று கூப்பிட்ட என்னை இங்கே வந்ததிலிருந்து "நர்ஸம்மா" என்கிறார். பாட்டில் முதலில் அவரிடம் போகும். அவர் முணுமுணுப்பது மற்றவர்களுக்கு உளறல், எனக்கு மட்டும் புரியும். "கிராம்பு" என்பார். என் முறை வந்ததும் அதையே சத்தமாகச் சொல்வேன். ஒருநாளும் தப்பியதில்லை. பாட்டில்காரி அசந்துபோய் மகனுக்குப் போன் செய்தாள்.

மகன் வருவதற்கு முந்தின நாளே பையைக் கட்டிவிட்டேன். அவருக்குத் தலை வாரிக்கொண்டே, "நாளைக்கு நான் வீட்டுக்குப் போறேங்க. அடிக்கடி வந்து பாக்குறேன்" என்றேன். அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மகன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். முதல் பாட்டிலை என் வீட்டுக்காரர் வெகுநேரம் மோந்தார். என் முகத்தைப் பார்த்தார். "ரோஜா" என்று முணுமுணுத்தார்.

"ரோஜா! இதுகூடவா தெரியாது?" என்றேன் ஜம்பமாக.

பாட்டில்காரி கை தட்டவில்லை. மகன் பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தான். "அம்மா, இது பூண்டும்மா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய் முந்திக்கொண்டது. "அப்பாதான்டா ரோஜான்னாரு!"

"அப்போ இத்தனை நாளும் அப்பா சொன்னதைத்தான் சொன்னீங்களா?"

மகன் எழுந்தான். "இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருங்கம்மா" என்றவன் என் முகத்தைப் பார்க்காமலே போனான். எண்பூட்டு கீக்கீ என்றது, கதவு மூடிக்கொண்டது.

பூண்டையும் ரோஜாவையும் மாற்றுகிற மூக்கா அது? "பாவி மனுஷா, வேணும்னேதானே பண்ணீங்க?" என்று அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். "நீ போயிட்டா நான் யார்கிட்ட திட்டு வாங்குறது, வாயாடி?"

கையை உதறினேன், விடவில்லை. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அவர் முகமெல்லாம் மலர்ந்து, காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.