பதக்கத்துத் தாடி
மாடியில் கார்ப்பரல் டாப்செல் சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தான். அந்த ஓசை சமையலறை வரை கேட்டது. வினிஃப்ரெட் இறந்துபோன அப்பாவின் பதக்கங்களை மேஜைமேல் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்குப் பாசறையிலிருந்து பீரங்கி வண்டி வந்துவிடும். கொடி போர்த்திய பெட்டிக்குள், மேலே சிறு மெத்தையில் குத்திய பதக்கங்களோடு, அப்பா மேஜர் தர்லோ அதில் கல்லறைக்குப் போவார்.

"தாடியோட எப்படி அனுப்பறது, வின்னி?" என்றான் அண்ணன் ஹியூபர்ட். அவனும் அப்பாவைப் போலப் பொறியாளர் படைதான், கேப்டன். "மேல சீருடை போட்டுப் படுத்திருக்கார். தரைப்படையில தாடி கூடாதே. கப்பற்படைக்காரர்னு நெனச்சுக்கப் போறாங்க."

"பதினேழு வருஷமா அப்படித்தானே இருந்தார்."

"அம்மாவும் சாகறவரைக்கும் திட்டிட்டுத்தானே இருந்தாங்க."

பேச்சுவாக்கில் ஒரு பதக்கத்தை எடுத்தான். வடக்கு நைஜீரியாவில் ஆறுகளுக்குக் குறுக்கே பாலம் கட்டி, தந்திக்கம்பி இழுத்த வருஷங்களில் அப்பாவுக்குக் கிடைத்தது. திருப்பிப் பார்த்தவன் முகம் சுளித்தான். அதில் பொறித்திருந்த ராஜாவின் மூக்கு, கண், தாடி எல்லாம் சோப்புக்கட்டிபோல் வழுவழுவென்று கரைந்திருந்தன.

"யார் வேலை இது? வேலைக்காரி மணல் போட்டுத் தேச்சாளா?"

வினிஃப்ரெட் துணியைக் கீழே வைத்தாள். "நான்தான். எனக்கு அப்ப நாலு வயசு, நீ விடுதியில இருந்த. இது தபால்ல வந்துது. அப்பாவோடதுன்னு அம்மா காட்டினாங்க. அதுல இருந்த முகத்தை நான் அப்பான்னே நெனச்சுட்டேன். ரெண்டு வருஷம், தினம் படுக்கப்போறப்ப முகத்தைத் தடவிட்டுத்தான் போவேன்."

"அது எட்வர்ட் ராஜாடி, பைத்தியம்."

"எனக்கு யார் சொன்னா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"அப்புறம் அப்பா ரயில்ல வந்து எறங்கினார். வெறும் மீசை. நான் அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். இவர் இல்ல, எங்கப்பாவுக்குத் தாடி இருக்கும்னு ஒரே அழுகை. அப்பா நீட்டின கையால பெட்டியைத் தூக்கிக்கிட்டார். மூணே மாசத்துல திரும்பப் போயிட்டார்."

ஹியூபர்ட் சிரிப்பை நிறுத்தினான். உலகப்போர் முடிந்து படையிலிருந்து ஓய்வு பெற்ற அதே வாரம் அப்பா சவரம் செய்வதை விட்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்போது வினிஃப்ரெட்டுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவோடு கை குலுக்க மட்டுமே பழகியிருந்தாள். மாலைகளில் அவர் தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். அவள் தேநீர் வேண்டுமா என்று கேட்பாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். அந்தத் தாடியை அவள் ஒருநாளும் தொட்டதில்லை.

ஹியூபர்ட் படியடியில் போய் நின்றான். "டாப்செல், கத்தியை மூடிட்டுக் கீழ வா."

"பாதி நுரை போட்டுட்டேன், சார்."

"தொடச்சுட்டு வா. அவ மேல வர்றா."

வினிஃப்ரெட் கையைத் துடைத்துக்கொண்டு படியேறினாள். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வண்டி சரியாகப் பதினொன்றுக்கு வந்தது. ஐந்து நிமிஷம் கழித்து சார்ஜென்ட் வாசலில் வந்து, "கெளம்பலாமா, சார்?" என்று கேட்டார். பாசறையே ஹியூபர்ட்டைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும்.

"கொஞ்சம் பொறுங்க" என்றான்.

தெருவில் முன்குதிரை கழுத்தை நீட்டி வேலியோரத்துப் புல்லைக் கடித்தது. யாரும் கடிவாளத்தை இழுக்கவில்லை.