சூடு தாங்காக் குருதிநீர்

கீழ்வானம் வெளுத்து, நெடுமாடங்களின் கண்ணாடிகளில் இளவெயில் படர்ந்து, ஆய்வகக் கூடத்திலே குளிர்பெட்டிகள் ஓயாது முனகிக்கொண்டிருந்த அவ்வேளையில், நோயெதிர்ப்பாற்றலை ஆராயும் அம்மையார் ஒருவர் வாசலையே பார்த்தபடி நின்றிருந்தார். பாராமல் என்ன செய்வார்? தாம் கண்டறிந்த எதிர்ப்பொருளைச் சீரம் எனப்படும் குருதித் தெளிநீரோடு சேர்த்தால் ஒரு கொடுங்கிருமி மாளும் என்று அவர் எழுதிய கட்டுரையால் அன்றோ பேராசிரியர் பதவி கைக்கெட்டும் தொலைவில் வந்திருந்தது! அவ்வாய்வைத் திரும்பச் செய்து பார்த்த வேற்றூர்ப் பேராசிரியரோ, கிருமி ஒன்றுகூடச் சாகவில்லையென்று ஊரறியச் சொல்லிவிட்டார். கட்டுரையைத் திரும்பப் பெற நேர்ந்தால் பதவியோடு பெயரும் போய்விடும்.

நேரிலேயே செய்து பார்ப்போமென வந்திருந்த அப்பேராசிரியர், வணக்கம் சொன்ன கையோடு தெளிநீர்க் குப்பியை எடுத்து வெந்நீர்த் தொட்டிக்குள் இறக்கினார்.

"சார், அதை எதுக்கு சூடு பண்றீங்க?" என்றார் அம்மையார்.

"எந்த சீரமா இருந்தாலும் முதல்ல சூடு பண்ணிடுவோம்மா. எங்க லேப்ல அது காலைல பல்லு தேய்க்கிற மாதிரி."

"நான் அப்படி எழுதலையே சார்."

"பண்ணக்கூடாதுன்னும் எழுதலையேம்மா," என்றவர், சொல்லி முடிக்குமுன்னே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எதிர்ப்பொருள் கிருமியைக் காட்டிக்கொடுக்கும். அடித்துக் கொல்பவை தெளிநீரில் உறையும் வேறு சில புரதங்கள். அவை சூடு தாங்கா. ஆண்டுதோறும் மாணவர்க்கு இதையே ஓதிய வாய் அப்பேராசிரியருடையது. கை மட்டும் தன் போக்கிலே போயிருக்கிறது, பாருங்கள்!

சுடவைத்த தெளிநீரிலும் சுடாத தெளிநீரிலும் அவ்வாய்வைப் பேராசிரியரே தம் கையால் செய்தார். மறுநாட்காலை, சுட்ட நீரின் தட்டிலே கிருமிகள் மொய்த்துக் கிடந்தன. சுடாத நீரின் தட்டு வெறிச்சோடியிருந்தது.

"தப்பு என்னோடதும்மா. நானே எல்லாருக்கும் எழுதிடறேன்," என்றார் பேராசிரியர்.

"சூடு பண்ணாதீங்கன்னு ஒரு வரி நானும் சேர்த்திருக்கணும் சார்."

அவர் விடைபெற்றதும் அம்மையார் கணவரை அழைத்தார்.

"என்னாச்சு?"

"தப்பிச்சேங்க," என்றார்.

பழகிய கை அறிந்ததையும் மறந்து நடக்கும் இவ்வுலகில், ஏனென்று கேட்க அருகே ஒருவர் நிற்பது பெரும்பேறு. அப்பேறு பேராசிரியர்க்கு வாய்க்க, அதனால் பிழைத்த அம்மையார், நெஞ்சுச்சுமை இறங்கியவராய், நாற்காலியில் சாய்ந்து ஆசைதீர அழுதார்.