மெழுகுவர்த்தி எரிந்த உயரம்

தம்பியின் வலது கையைச் சபீன் இரு கைகளாலும் பிடித்திருந்தாள். ஒயின் குகைக்கு இறங்கும் குறுகிய கல்படி. அவனுக்கு ஒரு படி கீழே நின்று வழியை மறித்தாள்.

"விடுக்கா. அப்பா விழுந்து கிடக்காரு."

"தெரியுது."

"மெழுகுவத்தி எரியுது பாரு! காத்து இருக்கு!"

எரியத்தான் செய்தது. இரண்டாம் அடுக்குப் பீப்பாயின் மேல், ஆள் உயரத்தில். அதன் கீழே தரையில் அப்பா ரெமோன் குப்புறக் கிடந்தார். திராட்சைச் சாறு நுரைத்துப் பொங்கும் நாட்களில் பீப்பாய்களிலிருந்து கிளம்பும், மூச்சை அடைக்கும் வாயு தரையோடு தேங்கும். மெழுகுவர்த்தியை முழங்கால் உயரத்திலேயே வைத்திருக்க வேண்டும்; அது அணைந்தால் உடனே மேலே ஏறிவிட வேண்டும். குழாயைத் திறந்து ருசி பார்க்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்திருக்கும். மெழுகுவர்த்தியை மேலே வைத்துவிட்டுக் குனிந்திருக்கிறார்.

கால் மணி நேரத்துக்கு முன்பு தம்பி லோயிக்கும் அவரோடு கூட வருவதாகச் சொன்னான்.

"சளி மூக்கை வெச்சுக்கிட்டு என்னத்தடா மோந்து பாப்ப? மேலயே இரு. மகாராணிய நான் பாத்துக்கறேன்" என்றார் ரெமோன்.

மகாராணி என்றால் லோபெபின். மேட்டுச் சரிவில் உள்ள அந்த ஒரு தோட்டத்தின் திராட்சையில் மட்டும் எடுக்கும் வெள்ளை ஒயின். அதற்கென்றே இந்த அடிக்குகை. அங்கே விசிறி வைக்க ரெமோன் விட்டதில்லை. காற்று பட்டால் அவளுக்கு ஆகாது என்பார்.

"நின்னுக்கிட்டே போயிட்டு வந்துடறேன்க்கா."

"தூக்கக் குனியணும்டா."

"மூச்சப் புடிச்சுக்கறேன்."

"தொண்ணூறு கிலோ. மூச்சப் புடிச்சுக்கிட்டே தூக்கிருவியா? அம்மா தீயணைப்புக்குப் போன் பண்ணிட்டாங்க. வந்துருவாங்க."

"உனக்கு மட்டும் அவரு அப்பா இல்லியா?"

அவன் பாய்ந்தான். தோளால் இடித்து அவனைச் சுவரோடு அழுத்தினாள். அவன் கன்னம் கல்லில் பதிந்தது. அவள் முகம் குகையைப் பார்த்திருந்தது.

ரெமோனின் விரல்கள் மண்ணைப் பறண்டின. நின்றன. மறுபடி பறண்டின.

சபீன் பிடியை இறுக்கினாள்.

பிறகு சுடர் சிறுத்தது. யாரும் ஊதாமலே அணைந்தது. எதிரே சுவர் இருண்டதும் லோயிக் திமிறுவதை நிறுத்தினான்.

தீயணைப்பு வீரர்கள் முகமூடியோடு இறங்கி அவரைத் தூக்கி வந்தார்கள். அவர்களில் மூத்தவர் லோயிக்கிடம், "நீயும் எறங்கியிருந்தா ரெண்டு பேரைத் தூக்கியிருப்போம் தம்பி" என்றார். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் அக்காவும் தம்பியும் அப்பாவின் உடலைக் குளிப்பாட்டினார்கள். பக்கத்து அறையில் அம்மா அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"ம்."

"நான் சுவத்தப் பாத்து நின்னேன். நீ கீழ பாத்துட்டு இருந்த."

சபீன் துணியைப் பிழிந்தாள்.

"அசைஞ்சாரா?"

"இல்ல."

அவன் தலையசைத்தான். சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டிருந்தான். முன்கையில் அவளுடைய விரல் தடங்கள் நீலமாகக் கன்றியிருந்தன. அவள் பார்ப்பதை அவன் பார்த்தான். சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டான்.

பிறகு அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்தான். அவள் தண்ணீர் ஊற்றினாள். சட்டைக் கை முழங்கை வரை நனைந்தது.