தாவும் என்று ஒரு சொல்

1

'தாவும்' என்று எழுதினால் அக்கா என்னோடு பேசமாட்டாள். எழுதாவிட்டால் நான் என்னோடு பேசமாட்டேன்.

(இரண்டாவது வாக்கியம் என் கதையின் நாயகி நினைத்ததில்லை, நான் சேர்த்தது. எடுப்பாக இருப்பதாலேயே அதன்மேல் சந்தேகம்.)

இந்தக் கதை ஒரு மருந்துக்கடையில் தொடங்கியது. நல்ல பாக்டீரியா அடங்கிய சொட்டுமருந்துக் குப்பியில் 'பச்சிளம் குழந்தைகளுக்கும் பாதுகாப்பானது' என்றிருந்தது. யார் சொன்னது என்று கேட்டேன். "அதுலயே போட்டிருக்குங்களே" என்றார் கடைக்காரர். அந்த 'யாரோ' என்னை விடவில்லை.

2

யாரோவைப் பெண்ணாக்கினேன். பாக்டீரியாவின் மரபணு வரிசையை முழுதாகப் படித்து, ஆபத்து உண்டா என்று சொல்வது அவள் வேலை. கம்பெனி அவளுடைய அக்காவுடையது. பாக்டீரியாவும் அக்கா மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் மலத்திலிருந்து பிரித்தெடுத்ததுதான். ஆய்வகத்தில் அதற்கும் அந்த மகளின் செல்லப்பெயரான 'சின்னக்குட்டி' என்றே பெயர்.

தங்கை கண்டது: ஓர் ஆன்டிபயாட்டிக்கைச் செயலிழக்கச் செய்யும் மரபணு, அதன் இருபுறமும் தாவும் துண்டுகள், அதாவது இடையில் இருப்பதையும் தூக்கிக்கொண்டு இடம் மாறக்கூடிய டி.என்.ஏ. துண்டுகள். பக்கத்தில் கெட்ட கிருமி ஒன்று வந்தால் மரபணு அதற்குப் போய்விடலாம். பிறகு ஒரு குறைமாதக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, அதே ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்து—

(இதை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

3

அக்காவை முதலில் வில்லியாக எழுதினேன். ஒட்டவில்லை. தங்கையின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருகிறவள் அவள்.

"ஏண்டி, சின்னக்குட்டி வயித்துல இருந்ததுதானே? குத்துக்கல்லாட்டம் இருக்கா."

"அவ நல்லாத்தான் இருக்காக்கா. எல்லாக் குழந்தையும் அவ இல்லையே."

"ரிப்போர்ட்ல 'தாவும்'னு போடாத. 'பிறவியிலேயே உள்ளது'ன்னு போடு. பொய்யா அது?"

பொய்போல ஒலிக்கவில்லை, அதுதான் சிக்கல். அவர்கள் தொழிலில் 'பிறவியிலேயே' என்றால் அந்த இனம் முழுக்க இருப்பது, இடம் மாறாதது. மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். இதுவோ எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. வந்தது போகவும் செய்யும்.

4

முடிவு அ: மாற்றி எழுதுகிறாள். அக்கா அவள் தலையைக் கலைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

முடிவு ஆ: வேறொரு நல்ல பாக்டீரியா கிடைத்துவிடுகிறது. (இது விளம்பரம் போலிருக்கிறது.)

முடிவு இ: அவள் வேலையை—

உண்மையில் எனக்கு 'அ'தான் வேண்டும். எனக்கும் ஓர் அக்கா இருக்கிறாள். எனவே அக்கா கீபோர்டைத் தங்கை பக்கம் நகர்த்தியபோது நானும் சேர்ந்து நகர்த்தினேன்.

"ஒரு வார்த்தைதானேடி."

பிறகு அக்கா அவளோடு பேசினாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இதை மட்டும் எத்தனை முறை அடித்தெழுதியும் என்னால் மாற்ற முடியவில்லை: தங்கை கீபோர்டைத் தொடாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. வா, டீ குடிக்கலாம்."