ஆந்தையா, பபூனா

என் அக்கா பல் டாக்டர். அவளிடம் வருகிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து படுத்திருப்பார்கள். எழுந்து போக முடியாது, பதில் பேசவும் முடியாது. கதை சொல்ல ஆசைப்படுகிற ஒருத்திக்கு இதைவிடத் தோதான உத்தியோகம் கிடையாது.

வருஷத்துக்கு ஒரு முறை கிளினிக்கைப் பூட்டிவிட்டு அத்தானோடு கடல் கடந்து சஃபாரி கிளம்பிவிடுவாள். திறந்த ஜீப், பைனாகுலர், ஆட்டுக்குட்டி கனத்துக்கு ஒரு கேமரா. திரும்பி வந்ததும், நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் மாட்டியிருக்கும் டிவியில் படங்களை ஓடவிடுவாள். "இது ஊதா மார்புப் பனங்காடை. கொஞ்சம் பெருசா திறங்க. அந்த ரெக்கையில எத்தன நீலம் பாருங்க. கூசுதா? கூசாது. அடுத்தது பஞ்சுருட்டான்" என்று பல்லும் பறவையும் மாறி மாறி வரும். வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நேரம் குறித்துக் கொடுக்கும் எனக்கு, காட்டுப் பக்கமே போகாமல் பாதிக் காடு மனப்பாடம்.

அத்தான் கல்லூரியில் கணக்குச் சொல்லித் தருகிறவர். ஜீப் நகர்ந்ததும் தூங்கிவிடுவார். ஆனால் அவர் கண்ணை விழிக்கிற நேரம் பார்த்து எதிரே சிங்கமோ சிறுத்தையோ வந்து நிற்கும். அக்கா அப்போது மறுபக்கம் திரும்பி, கட்டைவிரல் அளவுள்ள ஏதாவது குருவியைத் தேடிக்கொண்டிருப்பாள். "எனக்கு வாய்ச்சது குருவி, இவருக்கு வாய்ச்சது ராசி" என்று அலுத்துக்கொள்வாள்.

கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கதைகள் பிடிக்கத்தான் செய்தன. ஊசியைக் கண்டு நடுங்குகிறவர்கள்கூட, யானைக் கூட்டம் ஆறு கடப்பதைப் பார்த்தபடி ஊசி போட்டதே தெரியாமல் இருந்துவிடுவார்கள். "முதலைக்குப் பல்லு சுத்தம் பண்ற பறவை ஒண்ணு இருக்காமே டாக்டர்?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். "நானும் எத்தனையோ முதலையைப் பாத்துட்டேன். ஒண்ணுக்கும் பல்லு சுத்தமா இல்ல" என்பாள் அக்கா.

இந்தப் படங்களுக்கெல்லாம் ராஜாவாக ஒரு படம் இருந்தது. ஆற்றங்கரைப் பெருமரம் ஒன்றின் கவட்டையில், இலைகளுக்கு நடுவே, பழுப்பாக, உருண்டையாக ஏதோ ஒன்று. "மீன் பிடிக்கிற ஆந்தை. ராத்திரியிலதான் வேட்டைக்கு வரும். இருவது வருஷம் காட்டுல ஜீப் ஓட்டுறவங்களே இதைப் பாத்ததில்ல. நான் பாத்தேன்" என்று அக்கா சொல்லும்போது அவள் கையிலுள்ள கருவிகூட ஒரு கணம் நின்றுவிடும். முகம் தெரியவில்லையே என்று கேட்டால், திரும்பி உட்கார்ந்திருக்கிறது என்பாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வக்கீல் வந்து சேர்ந்தார்.

சிவில் வக்கீல், பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால். அக்கா மரத்துப்போக ஊசி போட்டு, வாய்க்குள் பஞ்சையும் எச்சில் உறிஞ்சும் குழாயையும் வைத்து வேலையைத் தொடங்கினாள். கூரையில் ராஜா படம் வந்தது. கதையும் வந்தது. திடீரென்று வக்கீல் கையை ஆட்டி "ஹஹூன், ஹஹூன்" என்றார்.

"வலிக்குதா சார்? இன்னொரு ஊசி போட்டுடலாம்."

போட்டாள். அவர் இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார். கடைசியில் பஞ்சை எடுத்து, வாய் கொப்பளிக்கச் சொன்னாள். அவர் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரைவாசி மரத்த உதட்டோடு, அவளை நேருக்கு நேர் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்: "பபூன்."

திறந்த கதவு வழியாக வெளியே மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

"யாரைப் பாத்து பபூன்னு சொல்றீங்க?" என்றாள் அக்கா. கையில் துளை போடும் கருவி இருந்தது.

"ஐயோ, உங்களை இல்லீங்க டாக்டர். அந்தப் படம். அது ஆந்தை இல்ல. பபூன் குரங்கு. முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. நானும் வருஷா வருஷம் சஃபாரி போறவன். குரங்கு முதுகு எனக்குத் தெரியாதா?"

அக்கா பஞ்சை எடுத்து மறுபடியும் அவர் வாயில் வைத்தாள். கொஞ்சம் அதிகமாகவே வைத்தாள் என்று நினைக்கிறேன்.

ரூட் கெனால் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. "அடுத்த வாய்தா எப்போம்மா?" என்று வக்கீல் என்னிடம் கேட்பார். நான் தேதி கொடுப்பேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வழக்கு நடந்தது. அவர் வாய் நிறைந்திருக்கும்போது அக்கா வாதாடுவாள். வாய் காலியானதும் அவர் எதிர்வாதம் செய்வார். அவருக்குப் பறவைகள் பொருட்டே இல்லை. நாலு கால் வேண்டும். காட்டு நாய்க் கூட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. எங்கே போனாலும் இவர் போவதற்கு முதல் நாள் வந்துவிட்டுப் போயிருக்குமாம். அதைச் சொல்லும்போது மட்டும் அந்தக் குரல் இறங்கிவிடும். அக்காவும் கருவியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்பாள்.

பல்லுக்கு மேல் உறையாகக் கேப் போட்ட அன்று வக்கீல் நாற்காலியிலிருந்து இறங்காமலே சொன்னார்: "டாக்டர், சம்பவம் நடந்த இடத்தைப் போய்ப் பாத்துடுவோம். அதே ஆறு, அதே மரம். நானும் வர்றேன்."

"வீட்டுல கேட்டீங்களா?"

"கேட்டேன். நல்லா போயிட்டு வாங்க, வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்னு சொல்லிட்டா."

கிளினிக்கைப் பூட்டினால் எனக்கும் வேலை இல்லை. நீயும் வாடி என்றாள் அக்கா. ஆக ஜீப்பில் நாங்கள் நால்வர்: அக்கா, வக்கீல், நான், தூங்கும் அத்தான். வண்டி ஓட்டியவர் குட்டை முடி வெட்டிய ஓர் அம்மாள். காது மடலில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். ஏன் என்று கடைசிவரை தெரியவில்லை.

போய்ச் சேர்ந்த அன்று மாலையே அந்த மரத்தடிக்குப் போனோம். அக்கா பைனாகுலரைத் தூக்கினாள்.

"இருக்கு" என்றாள் மெதுவாக. "அதே இடம். பாருங்க."

அதே கவட்டையில், அதே பழுப்பில், அதே உருண்டை. வக்கீல்கூட முன்னால் சாய்ந்தார். அது நிதானமாக ஒரு கையை நீட்டி, முதுகைச் சொறிந்துகொண்டது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தலையைப் பின்னால் சாய்த்து, தாராளமாக ஒரு கொட்டாவி விட்டது. பபூன். விரல் நீளக் கோரைப்பற்கள் வெயிலில் மின்னின.

நான் வக்கீலைப் பார்த்தேன். இத்தனை வாய்தாவுக்கும் சேர்த்து இப்போது கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பைனாகுலரை இறக்கிவிட்டுச் சொன்னாள். "பல்லு நல்லா வச்சிருக்கு."

முகாமுக்குத் திரும்பிய பின் அவள் சீக்கிரமே கூடாரத்துக்குள் போய்விட்டாள். சாப்பாட்டு மேசையில் வக்கீல் தட்டைத் தள்ளிவைத்தார். "கேஸ் ஜெயிச்சா எனக்கு நல்லா பசிக்கும்மா. இன்னைக்கு என்னமோ பசிக்கல" என்றார் என்னிடம்.

மறுநாள் பொழுதெல்லாம் வக்கீல் தானாகவே பறவைகளைக் காட்டிக்கொண்டு வந்தார். "டாக்டர், அங்க பாருங்க, ஏதோ பச்சையா." "அது இலை சார்." "இல்ல, அதுக்குப் பக்கத்துல." இப்படியே போய், அந்தி சாயும் நேரத்தில் ஆற்று வளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். வக்கீல் கெட்டியான ரஸ்க்கை டீயில் நனைக்காமல் கடித்தார். டக்கென்று ஒரு சத்தம். உள்ளங்கையில் துப்பினார். அக்கா போட்ட கேப்.

அந்தக் கொட்டாவிக்குப் பிறகு முதல் முறையாக அக்கா முகத்தில் களை வந்தது. பையில் பல் ஒட்டும் சிமெண்ட், கையுறை, சின்னக் கண்ணாடி எல்லாம் இருந்தன. வக்கீலை ஜீப்பின் பின் இருக்கையில் சாய்த்து, என்னை டார்ச் அடிக்கச் சொல்லி, கேப்பைத் துடைத்துப் பொருத்தினாள். "அசையக் கூடாது. சிமெண்ட் இறுகுற வரைக்கும் நான் அழுத்திப் பிடிச்சிருப்பேன்."

சற்று நேரத்தில் வக்கீலின் கண்கள் அகன்றன. அக்காவின் காதுக்கு மேலாக, ஆற்றைப் பார்த்து நிலைத்தன. "ஆ" என்றார். "ஆ... ஆ."

"வலிக்காது சார். கொஞ்ச நேரம்."

அவர் இரண்டு கைகளையும் விரித்து, சிறகடிப்பது போல அடித்தார். மூச்சுத் திணறுகிறதோ என்று நினைத்தேன். முன் இருக்கையில் அத்தான் கண் விழித்தார். கொட்டாவியோடு "ஏய், பின்னாடி ஏதோ பெருசா பறக்குது பாரு" என்றார்.

நான் திரும்பினேன். செம்மண் நிறத்தில், பெரிய பானை அளவு உடம்போடு, ஆந்தை ஒன்று தண்ணீரை நோக்கிச் சாய்ந்து இறங்கியது. சிறகுச் சத்தம் கேட்டது. கால் தண்ணீரைக் கிழித்தது. மேலே எழும்பும்போது நகங்களில் ஒரு மீன் துடித்தது. அக்கா கையை எடுத்துவிட்டுத் திரும்பியபோது, ஆற்றில் வட்டம் வட்டமாக அலை மட்டும் இருந்தது.

"ஏன் சார் என் கையைத் தட்டிவிடல?" என்றாள்.

"நீங்கதானே அசையாதீங்கன்னு சொன்னீங்க" என்றார் வக்கீல் பரிதாபமாக.

அக்கா அவரை எதிரே உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்தாள். கண் என்ன நிறம்? கறுப்பு. தலையில் கொம்பு மாதிரி இறகு இருந்ததா? இல்லை, மொட்டைத் தலை. பறக்கும்போது சத்தம் கேட்டதா? கேட்டது. மற்ற ஆந்தைகள் சத்தமில்லாமல்தான் பறக்கும். இது பிடிப்பது மீனை, அதனால் பதுங்கிப் பறக்க வேண்டிய அவசியம் இல்லை என்று வண்டி ஓட்டிய அம்மாள் விளக்கினார். அக்கா பெருமூச்சு விட்டாள். "அதேதான். உங்க ரெண்டு கண்ணுக்கும் கொடுத்து வச்சிருக்கு" என்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு குரங்கைப் பார்த்து ஆந்தை என்று ஊரெல்லாம் சொன்னவள், ஆந்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் வண்டியின் ரேடியோ கரகரத்தது. தெற்குப் புல்வெளியில் காட்டு நாய்க் கூட்டம், குட்டிகளோடு. வண்டி ஓட்டிய அம்மாள் வக்கீலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ஆத்துப் பக்கம் விடுங்க" என்றார் வக்கீல். "பகல்ல ஆந்தை அந்த மரங்கள்லதான் எங்கயாவது தூங்கும்னு சொன்னீங்கல்ல."

"சார், நாய் போயிடும்" என்றாள் அக்கா.

"போகட்டும் டாக்டர். நான் சாட்சியா இருந்து என்ன பிரயோஜனம், நீங்க பாக்காம?"

அத்தான் தூக்கம் போதவில்லை என்று முகாமிலேயே தங்கிவிட்டார். நாங்கள் கரையோரம் மரம் மரமாக ஊர்ந்து போனோம். வெயில் ஏறிற்று. கழுத்து வலித்தது. ஒவ்வொரு கிளையிலும் வக்கீலுக்கு ஓர் ஆந்தை தெரிந்தது. ஒவ்வொன்றும் கட்டையாகவோ கூடாகவோ மாறியது. கடைசியில், படர்ந்த ஓர் அத்தி மரத்தின் அடர்த்தியான நிழலில், கீழே வெள்ளையாகச் சிதறிக்கிடந்த எச்சத்தையும் மீன் செதிலையும் அக்காதான் முதலில் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

அது எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. செம்மண் உடம்பில் கறுப்புக் கோடுகள். ஈரமான, கறுத்த, பெரிய கண்கள். ஒரு கண்ணை மெல்ல மூடித் திறந்தது. அக்கா கேமராவை எடுக்கவே வெகுநேரம் ஆயிற்று. அவள் கை என் தோளைப் பிடித்திருந்தது. வக்கீல் மூச்சுவிடாமல் நின்றார், இத்தனைக்கும் அவர் வாயில் பஞ்சு இல்லை.

நாய்கள் இருந்த புல்வெளிக்கு நாங்கள் போனபோது காலடித் தடம்தான் மிச்சம். வக்கீல் அதையே குனிந்து பார்த்துப் படம் பிடித்துக்கொண்டார். முகாமுக்குத் திரும்பினால் அத்தான் காபிக் கோப்பையோடு வாசலில் நின்றிருந்தார்.

"இங்க நாய் ஏதாவது வளக்குறாங்களா? காது பெருசு பெருசா, உடம்பெல்லாம் திட்டுத் திட்டா, ஒரு கூட்டமே என் கூடாரத்தைத் தாண்டிப் போச்சு. ஒண்ணு என் செருப்பை மோந்து பாத்துச்சு."

வக்கீல் நேராகப் போய் அத்தானின் செருப்பைத் தொட்டுப் பார்த்தார்.

ஊர் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காத்திருப்பு அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுப் படம் காட்டினோம். அக்கா முதலில் பழைய படத்தைக் காட்டி, "இது பபூன். இத்தன நாளா உங்ககிட்ட ஆந்தைன்னு சொன்னேன்" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்து உண்மையான ஆந்தை வந்தபோது யாரும் கைதட்டவில்லை; எல்லாரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். அதன் பிறகு வக்கீல் எழுந்து, கைகளைச் சிறகாக அடித்து, ஆற்றங்கரைச் சம்பவத்தை நடித்துக் காட்டினார். சிரித்த வேகத்தில் ஓர் அம்மாவின் தற்காலிகப் பல்செட் நழுவி மடியில் விழுந்தது.

பின்வரிசையில் வக்கீலின் மனைவி உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு அக்காவிடம் வந்தார்.

"இவர் யாருக்காகவும் ஒரு கேஸை விட்டுக்கொடுத்து நான் பாத்ததில்ல டாக்டர். நாய்க்கூட்டத்தை விட்டுட்டு ஆந்தை பாக்கப் போனாரா?"

"போனாரு."

அந்த அம்மாள் திரையில் நின்றிருந்த ஆந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "இதை அங்கேயே போய்ப் பாக்கணும்னா என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று கேட்டார். அக்கா அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.