இங்கிலீஷில் சொன்னது

இடது கை என்று நான் எப்போது சொன்னேன், சொல்லியிருப்பேன், சொல்லாமல் அவளுக்கு எப்படித் தெரியும்… போனை ஏப்ரன் பைக்குள் போட்ட பிறகும் காதுக்குள் அந்தக் குரல்தான், யுவர் டாட்டர், ரைட்டிங், லெஃப்ட் ஹேண்ட், நோ?, எவ்வளவு அன்பாகக் கேட்டாள், நானும் பல்லெல்லாம் தெரிய யெஸ் யெஸ், லெஃப்ட் ஹேண்ட், வெரி நைஸ் ரைட்டிங் என்று சொல்லி, பை சொல்லி, டுமாரோ சொல்லி, வைத்துவிட்டுத் துணி அறைக் கதவைத் திறக்கப் போனபோதுதான் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. இன்றைய தலைப்பு பழக்கங்கள். நான் பஸ்ஸில் தூங்குவேன் என்றேன், பச்சை நகம் கடிப்பாளாம், டீக்குச் சர்க்கரை போட மாட்டாளாம், இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, மகள் பேச்சே எழவில்லை, பச்சைதான் எங்கிருந்தோ அவளை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். பச்சை என்பது பெயர் இல்லை. அந்தப் போன் வகுப்பில் ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்திருக்கிறார்கள், நான் ஊதா, அவள் பச்சை, தினமும் ஒரு சின்னத் தலைப்பு வரும், என் வீடு, என் குடும்பம், என் காலை நேரம் என்று, இரண்டு பேர் ஜோடி சேர்ந்து தப்பும் தவறுமாகப் பேசிப் பேசியே கற்றுக்கொள்ள வேண்டும். முகம் தெரியாது, ஊர் தெரியாது. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது, எனக்கு வேண்டியதும் அதுதானே, முகம் தெரியாமல் இருப்பது.

"முனையைப் பிடி, எங்க பாத்துட்டு நிக்கற?" என்கிறாள் இஸ்திரி அக்கா, எதிரே விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு. ஹோட்டல் விரிப்புகள், மலைபோல் குவிந்து கிடக்கின்றன, இரண்டு பேரும் முனைகளைப் பிடித்து உதறி, நடந்து வந்து கையோடு கை சேர்த்து, திரும்ப விலகி, திரும்ப வந்து… "முகத்துல ஈயாடலையே, என்ன ஆச்சு? உன் வீட்டுக்காரர் போன் பண்ணலையா இன்னிக்கு?" பண்ணினார் அக்கா, நல்லா இருக்காராம், முதுகு வலிதான் விட்டபாடில்லை என்கிறது என் வாய், தானாக, யோசிக்காமல், தடுக்காமல். என் பொய்க் கணவருக்கு முதுகுவலி உண்டு. வெளிநாட்டில் வேலை, வருடம் ஒருமுறைகூட லீவு கிடைக்காது, காரம் ஆகாது, சின்ன வயதில் கிணற்றில் விழுந்து பிழைத்தவர். இஸ்திரி அக்கா அவருக்காகத் தைலம்கூட வாங்கிக் கொடுத்திருக்கிறாள், பாவம். வீட்டுக்காரம்மாவிடம் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, கீழ்க்கடைத் தையல்காரரிடம் ஒன்று என்று மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்ளும் ரகம் இல்லை நான், ஒரே கதை, அட்சரம் பிசகாது. நட்ட நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் அந்தக் கதைதான் வரும். தமிழில் என் வாய்க்கு நான் அப்படி ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறேன், இரண்டு வருடமாக, இந்த ஊருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து.

ஆனால் இங்கிலீஷில்… அட கடவுளே, இங்கிலீஷில் எனக்கு ஏது பூட்டு, ஏது கதை, மொத்தம் எனக்குத் தெரிந்த வார்த்தைகளே ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும், அதை வைத்துக்கொண்டு கிணற்றையும் முதுகுவலியையும் எங்கே போய்க் கட்டுவது? பொய் சொல்ல எவ்வளவு வார்த்தை வேண்டும். உண்மைக்கு அதெல்லாம் வேண்டாம், இருக்கிறது, இல்லை, போனேன், வந்தேன், முடிந்தது. தமிழில் நாற்பதை நெருங்குகிற அழுத்தக்காரி, இங்கிலீஷில் கேட்டதற்கெல்லாம் சமர்த்தாகப் பதில் சொல்லும் மூன்று வயதுக் குழந்தை. ஹஸ்பண்ட்? என்று கேட்டாள் ஒரு நாள், என் குடும்பம் தலைப்பு அன்று. நோ ஹஸ்பண்ட் என்றேன். டெட்? என்றாள். நோ, நோ, ஐ ரன் என்றேன், பிறகு அன்று காலைதான் படித்தது ஞாபகம் வந்து திருத்திக்கொண்டேன், ஐ ரேன். ஐ ரேன் அவே வித் மை டாட்டர். ஹி டஸ் நாட் நோ. ஒரு தப்பு இல்லாமல், நிறுத்தாமல், முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். வெரி குட் ஊதா, வெரி குட் என்றாள். நான் எவ்வளவு குளிர்ந்துபோனேன், அன்று முழுக்க அந்த வாக்கியத்தை விரிப்போடு விரிப்பாக மனதுக்குள் மடித்து மடித்து வைத்துக்கொண்டேன், சரியாகச் சொல்லிவிட்ட பூரிப்பில் என்ன சொன்னேன் என்பதே உறைக்கவில்லை. சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், "நாலு வார்த்தை பேசக் கத்துக்கோம்மா, உன்னைய முன்னாடி ரிசப்ஷன்ல உக்கார வெச்சிடறேன்," என்று. முன்னாடி. வருகிறவன் போகிறவனெல்லாம் முகத்தைப் பார்க்கிற இடத்தில். ஒளிந்து வாழ வந்தவளுக்கு அந்த ஆசை எதற்கு என்று ஒரு நாளாவது என்னை நானே கேட்டேனா… கேட்கவில்லை, ஆசையாகத்தான் இருந்தது, கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு குட் மார்னிங் சொல்ல.

வேறு என்னவெல்லாம் சொன்னேன். நிதானமாக யோசி, படபடக்காதே, முனையைப் பிடி, உதறு. என் வீடு. மை ஹவுஸ் ஈஸ் ஸ்மால், மாடி, கீழே தையல்கடை, கேட் நீலம். என் தெரு. வளைவில் பெரிய தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் பேக்கரி, காலையில் ரொட்டி வாசனை, வெரி நைஸ் ஸ்மெல். என் நாள். நான் வேலைக்குப் போவேன், மகள் பள்ளிவிட்டு வருவாள், நான் வரும்வரை தனியாக இருப்பாள், ஷி ஈஸ் அலோன், ஷி ஈஸ் பிரேவ். அலோன் என்ற வார்த்தையைப் பச்சைதான் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு அந்த வார்த்தை தெரியாமல் தடுமாறினேன், அவள் எடுத்துக் கொடுத்தாள், அலோன், ஊதா, அலோன், ரிப்பீட். நானும் ரிப்பீட் பண்ணினேன். ஒவ்வொரு தலைப்பாக, ஒவ்வொரு நாளாக, என் கையாலேயே வாசல்வரை கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேனே… ஆனால் இடது கை? என் குடும்பம் அன்று சொன்னேனா, மை டாட்டர் ஈஸ் டென், ஷி லைக்ஸ் டிராயிங், அதற்கு மேல்? ஷி டிராஸ் வித்… சொன்னேனா? சொல்லியிருக்கலாம். லெஃப்ட் தெரியும், ஹேண்ட் தெரியும், எல்லாம் எனக்குத் தெரிந்த வார்த்தைகள்தான், வந்து விழுந்திருக்கலாம். அந்தக் கையைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று நினைத்திருந்தேனே. அவள் அப்பாவுக்கு அந்தக் கை ஆகாது, அதால் சாப்பிட்டால் அடி, எழுதினால் அடி, கடைசியில் ஒரு நாள் அந்தக் கையைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டு, சாத்தட்டுமா, சாத்தட்டுமா என்று என்னைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார். சாத்தவில்லை. அந்த வாரமே நாங்கள் கிளம்பிவிட்டோம்.

அவள் தன்னைப் பற்றி என்ன சொன்னாள், அதையும் யோசிக்கத்தானே வேண்டும். அம்மா இருக்கிறார், தோட்டம் இருக்கிறது, ஐ ஹேவ் ஒன் பிரதர். ஹி ஈஸ் சேட். ஏன் என்று நான்தான் கேட்டேன், அக்கறையாக, ஒய் சேட்? ஹி லாஸ்ட் சம்திங் என்றாள். அதற்கு நான் என்ன சொன்னேன், ஐயோ, டெல் ஹிம், டோன்ட் வொரி, ஹி வில் ஃபைண்ட் என்று சொன்னேன். நானே. என் நிஜக் கணவருக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லைதான், ஆனால் ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது என்று கல்யாணத்தில் வரிசையில் வந்து நின்றவர்கள் எத்தனை பேர், ஒருத்தி குரலாவது ஞாபகம் இருக்கிறதா? இருந்தாலும் இங்கிலீஷில் கேட்டால் தெரியுமா, என் குரலே எனக்கு இங்கிலீஷில் யாரோ போலத்தானே இருக்கிறது. வாரம் ஒருமுறை ஜோடி மாறலாம் என்று விதி, எல்லாரும் மாறினார்கள், இவள் மட்டும் ஊதாதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள், அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை. சும்மா இரு, பைத்தியம் மாதிரி கட்டிக்கொண்டே போகாதே, உலகத்தில் சோகமான அண்ணன்களுக்கா பஞ்சம், அவளும் உன்னைப்போல் எங்கேயோ ஒரு பின்னறையில் உட்கார்ந்து, பேச ஆள் இல்லாமல், இந்தக் கால் மணி நேரத்துக்காகக் காத்துக் கிடப்பவளாக இருக்கலாம். இருக்கலாம். அப்படித்தான் இருக்கும். "விடு, இதை நான் பாத்துக்கறேன், ஒரே முனையை ரெண்டு தடவ மடிச்சிட்ட, வீட்டுக்குப் போ" என்று இஸ்திரி அக்கா விரிப்பைப் பிடுங்கிக்கொள்கிறாள், காய்ச்சலா என்று கழுத்தில் கை வைத்துப் பார்க்கிறாள், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்போல் இருக்கிறது, ஆனால் தமிழில்தான் எனக்கு உண்மை வராதே. தலைவலி அக்கா என்கிறேன்.

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு தையல்காரருக்குப் போன் போட்டேன், கொஞ்சம் மேலே போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்கலாம், நல்ல மனுஷர், ஓடிப் போய்ப் பார்ப்பார்… அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை, இன்னொரு முறை, எடுக்கவில்லை. இன்றைக்குப் புதன்கிழமை. புதன்கிழமை கடைக்கு லீவு, அவர் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். புதன்கிழமை எங்கள் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று, மிஷின் சத்தமே இருக்காது, ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று, வெட்னஸ்டே வெரி கொயட் என்று, கிழமைகள் பாடத்தில் நானே சொன்னேனே… டிரைவர் ஏன் இப்படி உருட்டுகிறான், யாரைக் கேட்டு ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்துகிறான், ஏறுகிறவர்கள் ஏன் இவ்வளவு நிதானமாக ஏறுகிறார்கள். முன்சீட்டில் ஒரு பெண், காதில் போன், மெல்லிய குரலில் யாரிடமோ பேசிக்கொண்டு, நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பார்க்காதே. உலகத்தில் பாதிப் பேர் நகம் கடிப்பவர்கள். அவள் இறங்கும் நிறுத்தம் என் நிறுத்தமாக இருந்துவிடக் கூடாது, கூடாது… முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அப்பாடா என்று வரவில்லை, இங்கிருந்து நடந்தாலும் பக்கம்தானே என்று தோன்றியது.

தண்ணீர்த் தொட்டி, பேக்கரி, வளைவு. ஓடினால் யாராவது பார்ப்பார்கள், ஓடாமல் நடக்கிறேன், நடை என்று சொல்ல முடியாத ஒரு நடை. நீலக் கேட் திறந்திருக்கிறது. எப்போதும் தாழ்ப்பாள் போட்டுத்தானே வைப்பாள், தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேனே… தையல்கடை ஷட்டர் இறங்கியிருக்கிறது, மாடிப்படியில் சத்தமே இல்லை, என் மூச்சுதான், செருப்புதான். கதவைத் தட்டினேன், எங்களுக்குள் பேசிவைத்தபடி இரண்டு முறை, பிறகு ஒன்று. திறக்க எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. திறந்தாள். பள்ளிச் சீருடைகூட மாற்றாமல், இடது கையில் பேனாவோடு, மூக்கில் மை அப்பிக்கொண்டு. கட்டிப்பிடித்துக்கொண்டேன், பேனா என் முதுகில் குத்தியது, விடவில்லை. "யாராச்சும் வந்தாங்களா?" "இல்லையே." "போன் கீன்…" "நம்மகிட்ட இருக்கறதே ஒரு போன், அது உன்கிட்டதான இருக்கு." "கேட் ஏன் திறந்து கிடக்கு?" "குப்பை போடப் போனேன், மறந்துட்டேன் போல. ஏம்மா மூச்சு வாங்குது?" போல. அந்தப் போல எனக்குப் போதுமா போதாதா என்று தெரியாமல் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன், ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், பேக்கரி வாசலில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருத்தி மாடியை நிமிர்ந்து பார்த்தாள், அல்லது வானத்தைப் பார்த்தாள், மழை வரும்போல்தான் இருந்தது. ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஒன்றுமே இல்லாததற்கு இந்த வீட்டை விட்டுப் போகிறோமா, பாதி வருடத்தில் பள்ளியை விட்டு, இஸ்திரி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தையல்காரரிடம் தைக்கக் கொடுத்த பாவாடையை வாங்காமல்… இருந்து பார்க்கலாம், ஒரு நாள், நாளைக்கு அவளிடமே கேட்டுவிடலாம், ஹூ ஆர் யூ என்று, அது எனக்குத் தெரிந்த கேள்விதானே, முதல் பாடத்திலேயே வந்ததுதானே, இத்தனை நாளில் ஒரு முறை கேட்டிருக்கிறேனா. இப்படி யோசித்துக்கொண்டே அலமாரி மேலிருந்த பெரிய பையை இறக்கிவிட்டிருக்கிறேன், அதன் தூசி முகத்தில் விழுந்தபோதுதான் தெரிந்தது.

அவள் பையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், ஏன் என்று கேட்பாள், கத்துவாள், எல்லாவற்றுக்கும் பதில் தேடி வைத்துக்கொண்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, தன் துணிகளை எடுத்துவந்து கட்டிலில் போட்டு, ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள், என்னைவிட நேர்த்தியாக. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, இந்தத் தடவை என் பேரை நானே வச்சுக்கட்டுமா?" என்றாள். போன தடவை வருகிற வழியில் பஸ்ஸிலேயே நான் வைத்த பெயர் அவளுக்குப் பிடிக்கவே இல்லை, பள்ளியில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாளாம், காது கேட்கவில்லையோ என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "வச்சுக்கோடி," என்றேன், "என்ன பேரு, யோசிக்கணுமா?"

"எப்பவோ யோசிச்சு வச்சிட்டேன்."

"சொல்லு, கேப்போம்."

"வேணாம்மா. உன்கிட்ட சொன்னா நீ யார்கிட்டயாவது சொல்லிடுவ."

கோபமாகச் சொல்லவில்லை. பையில் இடம் பார்த்து மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டேதான் சொன்னாள், இதையும் மடிக்கட்டுமா என்று என் புடவையைக் கேட்டாள், நான் தலையாட்டினேன். இவள் என்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது அந்தப் பெயர் ஒன்றுதானா, இன்னும் என்னென்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் நீட்டிய முனையைப் பிடித்தேன்.